தாயின் தட்டில் ஒரு குறை

நுழையும்முன்

ஒரே உலையில் வெந்த சோற்றையே வீட்டில் உள்ளோர் அனைவரும் உண்கின்றனர். ஆயினும், தவழும் குழந்தை, வளரும் மாணவி, கருவுற்ற தாய், முதியவர் ஆகியோரின் உடல்தேவைகள் ஒன்றல்ல. வயிறு நிறைந்தால் உடலின் தேவையும் நிறைந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதைக் கருவுற்ற பெண்களின் உணவை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய மருத்துவரின் வாழ்க்கை வரலாறு இது.

இளமையும் கல்வியும்

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த பகுதியில் பிறந்தார். தந்தையார் அறிவியல் பயின்றவர். தாயார் மருத்துவர் ஒருவரின் மகள். ஆகவே, பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்னும் கேள்வி அவ்வீட்டில் எழவில்லை. கேம்பிரிட்ஜில் உள்ள நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் கற்று, 1911இல் அவர் தேர்ச்சி பெற்றார். எனினும், தேர்வில் வென்ற பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கும் வழக்கம் அப்பல்கலைக்கழகத்தில் அன்று இல்லை. அந்நிலை மாற 1948ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1914இல் அவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. சில வாரங்கள் கேப் டவுனில் தன்னார்வச் செவிலியராகத் தொண்டாற்றினார். நாடு திரும்பியதும், 1915இல் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1920இல் மருத்துவராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 32. தனியே மருத்துவம் பார்த்துப் பொருளீட்டுவதை அவர் விரும்பவில்லை. இராயல் ஃபிரீ மருத்துவமனையில் கருவுற்ற பெண்களுக்கு உண்டாகும் நோய்களை ஆராயும் பணியையே தேர்ந்துகொண்டார்.

பம்பாயில் தொடங்கிய தேடல்

அக்காலத்தில் பம்பாயின் நெசவாலைகளில் உழைத்த பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தசோகைக்கு ஆளாயினர். முகம் வெளிறியது, கால்கள் வீங்கின, சில அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. பேறுகாலத்தின்போதும் அதன் பின்னரும் பலர் மாண்டனர். இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் மார்கரெட் பால்ஃபரின் அழைப்பை ஏற்று, 1928இல் லூசி வில்ஸ் இந்தியா வந்தார். இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் ஆதரவில், பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் தம் ஆய்வைத் தொடங்கினார்.

தொற்றுக்கிருமியே இந்நோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்னும் ஐயம் முதலில் எழுந்தது. அதற்கான சான்று கிடைக்கவில்லை. பின்னர், இப்பெண்கள் நாள்தோறும் என்ன உண்கின்றனர் என்பதை அவர் ஆராய்ந்தார். காய்கறி, பழம், புரதம் ஆகியவை அரிதாகவே கிடைத்த ஏழைப் பெண்களிடம் நோய் மிகுந்திருந்தது. நல்லுணவு உண்ட பெண்களிடம் அது குறைவாகக் காணப்பட்டது. உண்ணும் அளவைப் போலவே உணவின் தன்மையும் உயிரைத் தீர்மானிக்கிறது என்னும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது.

மலையிலும் கடற்கரையிலும்

1929இல் சில மாதங்கள் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் அவரது பணி தொடர்ந்தது. அங்கே இராபர்ட் மெக்காரிசன், இந்திய மக்களின் உணவுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வந்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த கோஷா மருத்துவமனையிலும் லூசி வில்ஸ் பணியாற்றினார். கடற்கரையை ஒட்டிய அம்மருத்துவமனையே இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்னும் பெயருடன் தாய்மார்களுக்குத் தொண்டாற்றி வருகிறது.

ஆய்வுப் பாதை நேரானதாக அமையவில்லை. பம்பாய்ப் பெண்களின் உணவை ஒத்த உணவை எலிகளுக்கு அளித்தபோது, அவற்றுக்கும் இரத்தசோகை உண்டாயிற்று. காரணம் கிட்டிவிட்டது என்று மகிழ்வதற்கு முன்பே, பேன்கள் பரப்பிய தொற்று ஒன்றும் அவ்வெலிகளைத் தாக்கியிருந்தது தெரியவந்தது. லூசி வில்ஸ் சோர்ந்துவிடவில்லை. குரங்குகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். குறையுணவால் இரத்தசோகையுற்ற குரங்குக்கு ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அது நலமடைந்தது.

மார்மைட் என்னும் பெயரில் விற்கப்பட்ட அச்சாறு, மதுவடிப்பு ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து எடுக்கப்படுவது, விலை மலிந்தது. நோயுற்ற தாய்மாருக்கு அதனைக் கொடுத்தபோது வியத்தகு மாற்றம் நிகழ்ந்தது. சில நாள்களில் பசி திரும்பியது. புதிய சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கின. 1931இல் பிரித்தானிய மருத்துவ இதழில் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார்.

வேறொரு கொடிய இரத்தசோகைக்குக் கல்லீரலை உண்பதே மருந்து என்பதை மருத்துவ உலகம் 1926இலேயே அறிந்திருந்தது. ஆனால், கல்லீரலிலிருந்து தூய்மையாக்கி எடுக்கப்பட்ட சாறு இத்தாய்மாரின் நோயைத் தீர்க்கவில்லை. ஆகவே, ஈஸ்டில் இருப்பது அதுவரை அறியப்படாத வேறொரு சத்து என்று லூசி வில்ஸ் முடிவுசெய்தார். அதன் வேதியியல் வடிவம் புலப்படாத நிலையில், அறிஞர்கள் அதனை வில்ஸ் காரணி என்றே அழைத்தனர்.

பெயர் பெற்ற சத்து

1941இல் அமெரிக்க அறிவியலாளர்கள் பசலைக்கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவின் தலைமையில் இயங்கிய அமெரிக்க ஆய்வுக்குழு அதனைச் செயற்கையாக உருவாக்கியது. லூசி வில்ஸ் ஈஸ்டில் கண்ட மர்மம் இவ்வாறு தெளிவாயிற்று.

ஒவ்வோர் உயிரணுவும் இரண்டாகப் பிரியும்போது தன் மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்குப் ஃபோலேட் என்னும் இச்சத்து இன்றியமையாதது. கருப்பையில் குழந்தை வளர்கையில் உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன. தாயின் குருதியளவும் கூடுகிறது. சத்துக் குறைந்தால் சிவப்பணுக்கள் முதிர்ச்சியடையாமல் பருத்து, எண்ணிக்கையில் சுருங்குகின்றன. மற்ற காலங்களில் வெளித்தெரியாத குறை, தாய்மைக் காலத்தில் உயிருக்கே ஊறாக முடிவது இதனால்தான்.

தெரிந்து தெளிவோம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, மிதமாக உழைக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2130 கிலோ கலோரி ஆற்றல் தேவை. கருவுற்ற காலத்தில் 350 கிலோ கலோரியும், பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 600 கிலோ கலோரியும் கூடுதலாகத் தேவைப்படும். பெண்ணுக்கு 220 மைக்ரோகிராம் போதுமான ஃபோலேட்டோ, கருவுற்ற காலத்தில் 570 மைக்ரோகிராம் வேண்டும். ஆற்றல் தேவை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே கூடும்போது, ஃபோலேட் தேவை இரண்டரை மடங்காகிறது. சோற்றின் அளவை மட்டும் கூட்டுவது இதனை ஈடுசெய்யாது. கீரை, பயறு வகைகள், நிலக்கடலை, பழங்கள் ஆகியவை தட்டில் இடம்பெற வேண்டும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் இச்சத்தின் பெரும்பகுதி வீணாகும்.

ஓயாத பணி

இங்கிலாந்து திரும்பிய லூசி வில்ஸ், இராயல் ஃபிரீ மருத்துவமனையில் நோயியல் துறையின் தலைவராக உயர்ந்து, அங்குக் குருதியியல் துறையையும் நிறுவினார். இரண்டாம் உலகப்போரின்போது இலண்டன்மீது குண்டுகள் விழுந்த நாள்களிலும் பணியைக் கைவிடவில்லை. எளிய வாழ்வை விரும்பிய அவர், மிதிவண்டியிலேயே பணிக்குச் சென்றுவந்தார். 1947இல் ஓய்வு பெற்ற பின்னரும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஊட்டச்சத்தையும் இரத்தசோகையையும் ஆராய்ந்தார். செல்சி நகராட்சி மன்ற உறுப்பினராகவும் தொண்டாற்றினார். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மறைந்தார்.

அவர் கண்டறிந்த சத்தின் முழுப் பயனும் அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின்னரே புலப்பட்டது. கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், குழந்தையின் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் பிறவிக் குறைபாடுகள் மிகவும் குறையும் என்பதை 1991இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று மெய்ப்பித்தது.

அவரது ஆய்வுக்குத் துணைநின்ற இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமே 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று. மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய உணவாய்வுக் கூடம் பின்னர் ஐதராபாத்திற்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இன்று பள்ளிகளில் வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் அடங்கியுள்ளது. கசப்பென்று கருதி ஒதுக்கப்படும் அச்சிறு மாத்திரைக்குப் பின்னால், பெயர் பதிவாகாத பம்பாய்த் தாய்மாரின் துயரமும், அவர்களது உணவைப் பொறுமையுடன் ஆராய்ந்த ஒரு பெண்ணின் உழைப்பும் உள்ளன.