அறங்காத்த தூதுவர் சுகிஹாரா

தூது என்பதற்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், தூதுவனுக்கு வேண்டிய குணங்களைக் கூறும்போது அன்பையே முதலில் வைத்தார். அறிவும் சொல்வன்மையும் அதன் பின்னரே வருகின்றன. அரசியற் காரியம் பேசப் போகிறவனுக்கு அன்பு எதற்கு என்று சிலர் ஐயுறலாம். அந்த ஐயத்தைத் தமது வாழ்க்கையினாலே தீர்த்து வைத்த ஒருவர் யப்பான் தேசத்திலே பிறந்தார். சியூனே சுகிஹாரா என்பது அவர் பெயர். நம் வாலிபர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சரித்திரம் அவருடையது.

1900ஆம் ஆண்டு தை முதலாந் திகதி, மத்திய யப்பானிலுள்ள கிபு மாகாணத்தில் அவர் பிறந்தார். மகனை வைத்தியராக்க வேண்டுமென்பது தந்தையாரின் பேரவா. மகனுக்கோ அதில் நாட்டமில்லை. நுழைவுப் பரீட்சைக்குச் சென்றவர், விடைத்தாளிலே தமது பெயரை மாத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பிள்ளையை டாக்குத்தராக்கும் ஆசை நம் ஊர்த் தந்தையருக்கு மட்டும் உரியதன்று போலும்!

1918இல் டோக்கியோவிலுள்ள வசேடா சர்வகலாசாலையிற் சேர்ந்து ஆங்கிலம் கற்றார். வறுமை நெருக்கியது. அவ்வேளையில், வெளிநாட்டு அமைச்சு தனக்கு வேண்டிய இளைஞரைப் பரீட்சை வைத்துத் தெரிவுசெய்து, பிறநாட்டில் மொழி கற்பிக்க முன்வந்தது. 1919இல் அப்பரீட்சையிற் சித்தியெய்திய சுகிஹாரா, மஞ்சூரியாவிலுள்ள ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டு, ருஷிய மொழியிலே வல்லவரானார்.

வடமஞ்சூரியப் புகையிரதப் பாதையைச் சோவியத் நாட்டிடமிருந்து விலைக்கு வாங்கும் பேச்சுவார்த்தை 1935இல் முற்றுப்பெற்றது. அதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பதவி உயர்வு காத்திருந்த அந்த ஆண்டிலேயே அவர் மஞ்சூரிய உத்தியோகத்தைத் துறந்தார். யப்பானியர் அங்குள்ள சீன மக்களை நடத்திய கொடுமையைத் தம்மாற் பொறுக்க முடியவில்லை என்பதே அவர் பின்னாளிற் கூறிய காரணம். வரப்போகும் பெருஞ்செயலுக்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

தாயகம் திரும்பி யூக்கிகோ அம்மையாரை மணந்தபின், 1937இல் பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கிக்குச் சென்றார். 1939இல் லித்துவேனியாவின் அந்நாளைய தலைநகரான கௌனாசிலே யப்பானியக் கொன்சல் காரியாலயத்தைத் திறந்து அதன் பொறுப்பை ஏற்றார். ஜேர்மானியப் படைகளும் சோவியத் படைகளும் எப்பக்கம் நகர்கின்றன என்று கவனித்து அறிவிப்பதே அவரது மெய்யான வேலை.

அவர் சென்று சில நாட்களுள், செப்டெம்பர் முதலாந் திகதி, ஜேர்மனி போலந்தின்மீது பாய்ந்தது. அங்கிருந்து உயிர்தப்பிய யூதர் பல்லாயிரவர் லித்துவேனியாவிற் புகலடைந்தனர். 1940 ஆனியிலே சோவியத் படை அந்நாட்டையும் கைப்பற்றியது. பிறநாட்டுக் காரியாலயங்களை மூடிவிட்டுப் புறப்படும்படி கட்டளை பிறந்தது. அகதிகளுக்கு மேற்கே ஜேர்மனி; மற்றெப்பக்கமும் போர். சைபீரியா வழியாக யப்பானை அடைந்து, அங்கிருந்து வேறிடம் செல்லுதலே எஞ்சிய வழி. ஒல்லாந்தின் பதிற் கொன்சலாக இருந்த யான் ஸ்வார்ட்டென்டைக், மேற்கிந்தியப் பகுதியிலுள்ள குரசாவோத் தீவுக்குச் செல்ல விசா வேண்டியதில்லை என்று கடவுச்சீட்டுக்களில் எழுதிக் கொடுத்தார். இனி யப்பானைக் கடந்து செல்லும் விசா ஒன்றே தேவை.

ஆடி மாதத்து ஒரு காலையில், சுகிஹாராவின் வாயிலிலே ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பெருங்கூட்டம் நின்றது. அவர்களின் பிரதிநிதிகள் உள்ளே வந்து முறையிட்டனர். அவர் டோக்கியோவுக்குத் தந்தியடித்து அனுமதி கேட்டார். மறுப்பு வந்தது. மீண்டும் கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். போதிய பணமும், போய்ச்சேரும் நாட்டின் அனுமதியும் இல்லாதவர்க்கு விசா வழங்கலாகாது என்பதே முடிவான விடை.

வீட்டிலே மனைவியும் மூன்று சிறு மைந்தரும். கடைசி மகன் அவ்வூரிலேயே பிறந்த கைக்குழந்தை. கட்டளையை மீறினால் உத்தியோகம் போகும். குடும்பம் தெருவில் நிற்கும். மீறாவிடின், வாயிலில் நிற்போர் கதி என்ன? மனைவியோடு ஆலோசித்தார், அம்மையாரும் உடன்பட்டார். சுகிஹாரா பேனாவை எடுத்தார்.

நாள்தோறும் காலை முதல் இரவுவரை, கைநோவையும் பாராது, ஒவ்வொரு விசாவையும் தம் கையாலேயே எழுதினார். செப்டெம்பர் தொடக்கத்திற் கௌனாசை விட்டுப் புறப்பட்டபோது, புகையிரதம் நகரும்வரை எழுதிக்கொண்டேயிருந்தார் என்று அவர் மனைவியார் நினைவுகூர்ந்துள்ளார். அவருடைய பதிவிலே 2,139 பெயர்கள் உள்ளன. ஒரு விசாவிலே ஒரு குடும்பமே சென்றதுமுண்டு. ஆகவே உயிர் தப்பியோர் சுமார் 6,000 பேர் என்று பலர் மதிப்பிடுவர். அப்பதிவை அவர் ஒளித்து வைக்கவில்லை. 1941இல் டோக்கியோவுக்கே அனுப்பி வைத்தார்.

விசா பெற்றோர் சைபீரியப் பனிவெளியைப் புகையிரதத்திற் கடந்து, விளாடிவொஸ்தொக்கிற் கப்பலேறி, யப்பானின் சுருகா துறைமுகத்தில் இறங்கினர். மிர் என்னும் ஊரின் வேதபாடசாலை, குருமாரும் மாணவருமாக அவ்வாறே தப்பிப் பின்னர் ஷாங்காய் நகரில் தன் கல்வியைத் தொடர்ந்தது. 1941 ஆனியில் ஜேர்மானியர் லித்துவேனியாவுட் புகுந்தனர். அந்நாட்டு யூதருள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டோர் போர் முடியுமுன் கொல்லப்பட்டனர்.

சுகிஹாரா பின்னர் பிராக், கோனிக்ஸ்பெர்க், புக்கறெஸ்ட் நகரங்களிற் பணியாற்றினார். போர் முடிவிலே சோவியத் படையினர் அவரைக் குடும்பத்தோடு தடுத்து வைத்தனர். 1947இல் நாடு திரும்பியவரைப் பதவி விலகும்படி அமைச்சு கேட்டது. ஆட்குறைப்பே காரணம் என்றனர். கௌனாஸ் விடயமே காரணமென அவர் நம்பினார். அதே ஆண்டில், அங்கே பிறந்த இளைய மகனும் இறந்தான். வீடு வீடாக மின்விளக்கு விற்றும், மொழிபெயர்த்தும் சீவித்தார். பின்னர் வியாபார நிறுவனத்தின் பிரதிநிதியாக, குடும்பத்தைப் பிரிந்து பல்லாண்டு மொஸ்கோவில் வாழ்ந்தார். தாம் செய்ததை எவரிடமும் சொல்லித் திரியவில்லை.

1968இல், அவரிடம் விசா பெற்ற ஒருவர் டோக்கியோவிலுள்ள இஸ்ரவேல் தூதரகத்தின் உத்தியோகத்தராக வந்து அவரைத் தேடிக் கண்டார். தாம் எழுதிய தாள்களால் உயிர் பிழைத்தோர் உண்டு என்பது அப்போதுதான் அவருக்கு உறுதியாயிற்று. அடுத்த ஆண்டு இஸ்ரவேல் சென்றபோது அவரை வரவேற்றவர் அந்நாட்டுச் சமய அமைச்சர் சோராக் வார்ஹாப்திக். 1940இலே கூட்டத்தின் பிரதிநிதியாய் அவர்முன் நின்று முறையிட்டவரும் அவரே! 1984இல் யாத் வஷேம் நிலையம் அவரை நீதிமான்களுள் ஒருவராக ஏற்றது. 1986 ஆடி 31ஆந் திகதி அவர் காலமானார். 2000ஆம் ஆண்டிலே யப்பானிய வெளிநாட்டு அமைச்சர் யோஹெய் கோனோ, குடும்பத்தாரிடம் அரசாங்கத்தின் வருத்தத்தைத் தெரிவித்தார்.

இளைஞர்காள்! சுகிஹாரா கட்டளையை அலட்சியம் செய்தவரல்லர். மும்முறை அனுமதி கேட்டார். செய்ததை மறைக்காது எழுதி வைத்தார். வந்த துன்பத்தை முறுமுறுக்காது ஏற்றார். உத்தியோகத்துக்கும் அறத்துக்கும் பகை நேர்ந்த ஒரு மாதத்திலே அறத்தின் பக்கம் நின்றார். நாளை நம்மிற் பலரும் மேசைமுன் அமர்ந்து பிறருடைய விண்ணப்பங்களிற் கையெழுத்திடுவோம். தாளுக்கு அப்பால் ஒரு மனிதர் நிற்கிறார் என்பதை அன்று மறவாதிருப்போமாக.

தனக்கு அழிவு வரினும் தன் அரசனுக்கு நன்மை தேடுபவனே தூதன் என்பது வள்ளுவர் கருத்து. சுகிஹாராவுக்கு வந்தது அழிவு. ஆனால் அந்தப் பொல்லாத காலத்து யப்பானுக்கு இன்று உலகிலே ஒரு நற்பெயர் உண்டெனில், அதைத் தேடிக் கொடுத்தவருள் அவரும் ஒருவர்.