ஹாக்கி மட்டையில் தொடங்கிய ஓட்டம்: அபேபே பிகிலா

மராத்தான் என்றதும் வெறுங்காலுடன் ஓடிய அபேபே பிகிலாவின் முகம் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அந்தக் கால்களுக்கு முதலில் வலுவேற்றியது ஹாக்கி போன்ற ஒரு விளையாட்டு என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

எத்தியோப்பியாவின் ஜாத்தோ என்ற மலைநாட்டுச் சிற்றூரில் 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதி அவர் பிறந்தார். சிறுவயதில் அவர் ஆடியது ‘கெனா’. வளைந்த மட்டையால் பந்தை அடித்து விரட்டும் நாட்டுப்புற ஹாக்கி அது. நம்மூர்த் திடல் அளவில் அதை எண்ணிவிட வேண்டாம். இரு பக்கத்துக் கோல் கம்பங்களுக்கும் இடையே சில வேளைகளில் கிலோமீட்டர் கணக்கில் தூரம் இருக்கும்! பந்தின் பின்னால் ஓடுவதே பெரும்பாடு. அதைவிட நல்ல ஓட்டப் பயிற்சி எங்கே கிடைக்கும்?

பின்னர் பேரரசரின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். அங்கே ஒன்னி நிஸ்கானென் என்ற பயிற்றுநரின் பார்வையில் பட்டபிறகு, ஓட்டமே வாழ்க்கையானது.

1960 ரோம் ஒலிம்பிக்கிற்கு முதலில் தேர்வானவர் அவரல்லர். வாமி பிராத்து போக முடியாமல் போனதால் வாய்ப்பு இவருக்கு வந்தது. கிடைத்த காலணிகள் பொருந்தவில்லை, வெறுங்காலுடனே ஓடினார். இத்தாலியப் படை எத்தியோப்பியாவிலிருந்து எடுத்துச் சென்ற அக்சும் கல்தூண் ரோமில் அப்போது நின்றுகொண்டிருந்தது. அதன் அருகே வந்ததும் வேகத்தைக் கூட்டி, மொரோக்கோ வீரர் ராடியைப் பின்தள்ளினார். 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. உலகச் சாதனை.

1964 தோக்கியோ போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. அவர் ஓடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. இம்முறை காலணி அணிந்து, 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் வந்து சேர்ந்தார். ஒலிம்பிக் மராத்தானில் இருமுறை வென்ற முதல் வீரர் அவரே. ஓடி முடித்த கையோடு புல்தரையில் உடற்பயிற்சி செய்யத் தொடங்கியதுதான் அரங்கத்தையே வியக்க வைத்தது.

1968 மெக்சிகோவில் கால் வலியால் பாதியில் விலகினார். அடுத்த ஆண்டு நேர்ந்த கார் விபத்து அவரை நடக்கவே முடியாதவராக்கிவிட்டது. சிகிச்சைக்காக இங்கிலாந்து சென்றவர், அங்கே சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வில் வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். நார்வேயில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் வெற்றியும் பெற்றார்.

1973 அக்டோபர் 25ஆம் தேதி, 41 வயதில் மறைந்தார். ரோம் வெற்றியின் பொன்விழா ஆண்டான 2010இல், ரோம் மராத்தானில் முன்னணியில் வந்த எத்தியோப்பியர் சிராஜ் கெனா, அவர் நினைவாகக் காலணிகளைக் கழற்றிவிட்டு, கடைசிச் சில நூறு மீட்டரை வெறுங்காலுடன் ஓடி முதலிடம் பிடித்தார்.