வலிப்பின் ஊற்றைத் தேடியவர்

காக்காய் வலிப்பைப் பேயின் சேட்டை என்று உலகின் பல நாட்டாரும் நெடுங்காலம் நம்பினர். அது மூளையில் எழும் மின் கிளர்ச்சியே என்பதை அறிவியல் காட்டியது. அக்கிளர்ச்சி பிறக்கும் இடத்தைத் தொட்டுக் கண்டறிந்த அறுவை மருத்துவர் டாக்டர் வைல்டர் பென்பீல்டு ஆவார்.

1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டில் ஷெரிங்டன் என்னும் பேராசிரியரிடம் நரம்பியல் பயின்றார். 1916இல் இவர் சென்ற கப்பல் தாக்குண்டது. காலில் காயமுற்றும் உயிர் தப்பினார்.

1928இல் கனடாவின் மான்ட்ரீல் நகருக்குக் குடியேறினார். அவ்வாண்டே பெருஞ்சோதனை வந்தது. இளமை முதல் வலிப்பால் வாடிய தமக்கை ரூத்தின் மூளையில் கட்டி இருப்பது தெரிந்தது. உடன்பிறந்தவளின் தலையைத் திறக்க எந்தக் கைதான் நடுங்காது? ஆயினும் பென்பீல்டே கத்தியை ஏந்தினார். கட்டியை முழுவதும் அகற்ற இயலவில்லை. ரூத் வீடு திரும்பி, மக்களைப் பேணிச் சில ஆண்டுகளே வாழ்ந்தார்.

அத்துயரம் அவரை முடக்கவில்லை. 1934இல் ராக்பெல்லர் அறநிலையத்தின் கொடையால் மான்ட்ரீல் நரம்பியல் நிலையத்தை நிறுவினார். மூளைக்கு வலி தெரியாது. ஆகவே, தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கையிலேயே மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொடுவார். ஓரிடம் தொட்டால் விரல் அசையும். வேறோரிடம் தொட்டால் பேச்சு நிற்கும். இன்னோரிடம் தொட்டால் பழைய நினைவு எழும். இவ்வாறு காக்க வேண்டிய பகுதிகளைக் குறித்துக்கொண்டு, நோயின் ஊற்றை மட்டும் அகற்றுவார். மூளையின் வரைபடமும் இதனால் உலகுக்குக் கிடைத்தது.

1976இல் பென்பீல்டு மறைந்தார். வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்துகள் போதிய பயன் தருவதில்லை. அவர்களுள் சிலருக்கு ஊற்றை வெட்டி நீக்கவும் வழியில்லை. அத்தகையோருக்கு, மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்னும் பகுதியில் நுண்கம்பிகளைப் பொருத்தி, மார்பில் தோலுக்கடியில் வைத்த சிறு கருவியால் மின் துடிப்பு அனுப்பும் முறைக்கு 2018இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இது நோயை வேரறுப்பதில்லை, வலிப்பைக் குறைக்கிறது. பென்பீல்டு கையில் தேடும் விளக்காக இருந்த மின்சாரம், இன்று தணிக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது.

தமக்கைக்குத் தர முடியாத நலத்தைப் பிறருக்குத் தர உழைத்தவர் அவர். தோல்வியைத் தொண்டாக மாற்றிய அவ்வாழ்வு மாணவர் நமக்கு நல்ல பாடமன்றோ!