லிண்ட் ஓடவிட்ட மெஷின்

அடுத்த தடவை நல்ல டார்க் சாக்லேட் கிடைச்சா உடனே மென்னு முழுங்கிடாதீங்க. முதல்ல ஒரு துண்டை உடைச்சுப் பாருங்க, டக்கென்று சத்தம் வரணும். அப்புறம் நாக்கில் வைத்துச் சும்மா இருங்க. கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும். அந்த வழவழப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிற ஆள் ரோடோல்ஃப் லிண்ட்.

1855-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், மருந்துக்கடைக்காரர் மகனாகப் பிறந்தவர். லோசான் ஊரில் கோலர் சாக்லேட் கம்பெனியில் தொழில் கற்றார். 1879-ல், நம்ம சீனியர்களை விட ஒண்ணு ரெண்டு வயசுதான் கூட, ஆறே நதிக்கரையில் தீயில் சேதமான பழைய ஆலையை வாங்கிவிட்டார். அப்போதைய சாக்லேட் எப்படி இருந்தது தெரியுமா? மணல் மாதிரி நறநறவென்று, அச்சில் ஊற்ற முடியாது, கையால் அழுத்தித்தான் அடைக்கணும்.

லிண்ட் செய்தது இதுதான். இரு முனையும் வளைந்த ஒரு கருங்கல் தொட்டி; அதற்குள் முன்னும் பின்னும் உருளும் கனமான கல் உருளை; ஓட்டுவதற்கு ஆற்றுத் தண்ணீரின் விசை. சிப்பி வடிவில் இருந்ததால் இதற்குக் கான்ச் என்று பெயர். ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்தாமலே போய்விட்டார், திங்கட்கிழமை வந்து பார்த்தால் பளபளவென்று வழியும் சாக்லேட் இருந்தது என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அறிவியல் சரிதான். மணிக்கணக்கில் அரைபடும்போது சூட்டில் ஈரமும் அசிட்டிக் அமிலமும் ஆவியாகும், புளிப்பு குறையும். ஒவ்வொரு துகள் மேலும் வெண்ணெய் பூசிக்கொள்ளும். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் இருக்கிற துகளை நாக்கு கண்டுபிடிச்சிடும், அதான் இவ்வளவு பாடு. கூடுதலாகக் கோகோ வெண்ணெயும் சேர்த்தார். சாக்லேட் ஊற்றுகிற பக்குவத்துக்கு வந்தது.

இன்றைக்குச் சின்ன அளவில் கிராஃப்ட் சாக்லேட் செய்பவர்கள் பலர் இதே வேலைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரைத்தான் மாற்றியமைத்து ஓட்டுகிறார்கள். ஆமாங்க, இட்லி மாவு அரைக்கிற அதே கல்! அவர்களுக்குள் ஒரு சண்டையும் உண்டு: ரொம்ப நேரம் அரைத்தால் புளிப்போடு சேர்ந்து பழவாசனையும் பறந்துவிடும். என் கட்சி, குறைவாக அரைத்த கட்சி.

லிண்ட் இந்த ரகசியத்தை 20 வருஷம் வெளியே விடவில்லை. ஆனால் வியாபாரத்தில் அவருக்கு மனசு ஒட்டலை. கேட்ட ஆர்டருக்கெல்லாம் சரக்கு கொடுக்க முடியாமல், 1899-ல் ஆலை, செய்முறை, பெயர் மூன்றையும் சூரிச்சின் ஸ்ப்ருங்லி குடும்பத்துக்கு 15 லட்சம் தங்க பிராங்குக்கு விற்றுவிட்டார். புது முதலாளிகளோடு ஒத்துப்போகவில்லை, 1905-ல் வெளியேறினார். பிறகு அவருடைய உறவினர்கள் லிண்ட் பெயரிலேயே தனியாகச் சாக்லேட் செய்யத் தொடங்க, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தன் பெயரையே விற்றுவிட்டவர் அதை எப்படித் திரும்பக் கேட்க முடியும்? 1909 பிப்ரவரியில், 53 வயதில் இறந்துபோனார். வழக்கு அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடி, கடைசியில் ஸ்ப்ருங்லி பக்கம் தீர்ப்பானது.