சோலைக்காட்டுப் பூக்களை உலகத்துக்குக் காட்டிய டாக்டர்: யார் இந்த ராபர்ட் வைட்?

நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தப்போ, செல்போனும் கையுமா மலையேறியவர்கள் ஏராளம். கேமரா பரவலாகாத காலத்தில், நீலகிரிச் செடிகளை அச்சில் ஏற்றியவர் ராபர்ட் வைட்.

யார் இவர்?

1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, 1819-ல் கிழக்கிந்திய கம்பெனியின் உதவி சர்ஜனாக மெட்ராஸ் வந்தார். பார்த்தது டாக்டர் வேலை. மனசு முழுக்க செடிகள்தான். 1826-ல் கம்பெனி அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. இரண்டே வருஷத்தில் அந்தப் பதவியை எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தியம் பார்க்க அனுப்பியது. வைட் செடி சேகரிப்பதை மட்டும் விடவே இல்லை.

படம் எதுக்கு?

செடியைக் காயவைத்தால் நிறம் போய்விடும். பூவின் வடிவமும் நசுங்கிவிடும். அதனால் பசுமையா இருக்கும்போதே வரையணும். அந்த வேலையைச் செய்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். அதை லித்தோகிராபியில் அச்சிடும் வேலையை வைட்டே கற்றுக்கொண்டார். 1838 முதல் 1853 வரை வெளியான அவருடைய ‘ஐகோன்ஸ்’ நூலில் மட்டும் 2,101 படங்கள். நீலகிரிச் செடிகளுக்கென்றே வண்ணப் படங்களோடு தனி நூலும் போட்டார்.

இத்தனைக்கும் அப்போது அவருடைய சம்பள வேலை வேறு. 1842 முதல் கோயம்புத்தூரில், அமெரிக்கப் பருத்தி நம்ம மண்ணில் விளையுமா என்று சோதிப்பதுதான் கம்பெனி கொடுத்த பொறுப்பு. அது எதிர்பார்த்தபடி கைகூடவில்லை. 1853-ல் இங்கிலாந்து திரும்பியவர், 1872-ல் அங்கேயே இறந்தார்.

பெயர் யாருக்கு?

குறிஞ்சி இனத்தில் ஒரு புதர்ச் செடிக்கு ‘ஸ்ட்ரோபிலாந்தஸ் வைட்டியானா’ என்று இவர் பெயரே இருக்கிறது. வைட்டும் பங்குக்கு ஒரு ஆர்க்கிட் இனத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று தன் ஓவியரின் பெயரை வைத்தார். படங்களின் கீழே ஓவியர்களின் பெயரையும் அச்சிட்டார். ஆனாலும் ரங்கய்யா, கோவிந்து பற்றி நமக்குக் கிடைப்பது ரொம்பக் குறைவு.

இன்னைக்கு ஏன் முக்கியம்?

மேகம் தவழும் சோலைக்காடும், அதை ஒட்டிய புல்வெளியும் நீலகிரியில் ஒரு காலத்தில் பரந்து கிடந்தன. குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளியில்தான். பிறகு தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரங்கள் வந்து பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. அந்த மாற்றம் முழுசா நடப்பதற்கு முன்பு மலையில் என்னென்ன பூத்தது என்பதற்கு, அந்த மூணு பேரும் விட்டுப்போன படங்கள்தான் சாட்சி. அடுத்த குறிஞ்சி 2030-ல். அதுவரை புல்வெளி மிஞ்சணும்.