புனித யோசேவாஸ் அடிகளார் (1651 – 1711)

இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் யோசேவாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில், தாயின் இல்லத்தில் பிறந்தார். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ். தாய் மரியா த மிராண்டா. கொங்கணி மொழி பேசிய பிராமண குலக் குடும்பம் அது. கோவாவில் உயர்கல்வி கற்று 1676ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருவானதும் தந்தையின் ஊரான சங்கோலேயில் குருமாணவராக விரும்பும் சிறுவர்களுக்காக இலத்தீன் பாடசாலையொன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் இலங்கையில் அவர் மொழிக்கும் நூலுக்கும் கொடுத்த முக்கியத்துவத்தை விளங்கிக்கொள்ள இந்தச் சிறு பாடசாலையை நினைவில் வைத்திருத்தல் நன்று.

அக்காலத்தில் இலங்கையின் நிலை என்ன? 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கல்வினியக் கொள்கையினரான அவர்கள் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் குருவின்றித் தவித்தனர். இச்செய்தி கோவாவில் இருந்த இளங்குருவின் மனதை உறுத்தியது. எனினும் அவர் உடனே புறப்பட இயலவில்லை. 1681 முதல் 1684 வரை கன்னடக் கரையோரத்திற் பணியாற்றும்படி அனுப்பப்பட்டார். திரும்பி வந்தபின் 1685இல் கோவாவிலிருந்த சிறு குருக்கள் குழுவிற் சேர்ந்து, அதனை ஒறற்றோரியன் சபையாக உருவாக்கினார். மறு ஆண்டே இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். ஜோவாவோ என்னும் ஊழியர் உடன் வந்தார். தூத்துக்குடியில் தங்கித் தமிழ் கற்றபின், கூலியாளைப் போல உடுத்துக் கடல் கடந்து 1687இல் இலங்கையை அடைந்தார்.

யாழ்ப்பாணத்திற்கு வந்தபோது வயிற்றோட்ட நோயால் உயிருக்குப் போராடினார். சற்றுக் குணமானதும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலையைத் தளமாகக் கொண்டு, இரவில் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும் விடியுமுன் வேறிடம் செல்வதுமாகப் பணியாற்றினார்.

வேடம் பூண்டது பொய்யாகாதா என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். அவர் தமது குருத்துவத்தை ஒல்லாந்த அதிகாரிகளிடமிருந்து மறைத்தார். தம் நலனுக்காக எவரையும் ஏமாற்றவில்லை. பிச்சைக்கார வாழ்வும் வெறும் நடிப்பன்று. பிராமண குலத்தில் பிறந்தவர் யார் வீட்டுச் சோற்றையும் கையேந்தி வாங்கி உண்டார். இங்கு மறக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. அவரை ஒளித்து வைத்தவர்களும் உயிரைப் பணயம் வைத்தனர். ஒருமுறை கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்தர் திடீரெனப் புகுந்து கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பினார், பிடிபட்டோர் சவுக்கடியும் சிறையும் அனுபவித்தனர். யோசேவாஸ் வரலாற்றை எழுதும்போது பெயர் அறியப்படாத இம்மக்களையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அதன்பின் அவர் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்திற்குச் சென்று, 1692இல் கண்டி நகரை அடைந்தார். அந்நாளில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களும் இல்லை, தேயிலைத் தோட்டங்களும் இல்லை. இன்று மஸ்கெலியாவில் லயன்களும் தேயிலை மலைகளும் உள்ள இடங்களில் அன்று பெருங்காடே இருந்தது. தோட்டத் தொழிலாளராக வந்த நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழகத்திலிருந்து தம் விசுவாசத்தையும் கொண்டு வந்தனர். ஆகவே தோட்டப்புற ஆலயங்களை யோசேவாஸ் நேரடியாக நிறுவினார் என விடை எழுதுவது தவறாகும்.

கண்டியில் அரசவைச் செல்வாக்குள்ள பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டினார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான். சிறையிலே அவர் சிங்களம் கற்றார். நாளடைவில் காவல் தளர்ந்தது. சிறிய ஆலயமொன்றும் எழுந்தது. 1696ஆம் ஆண்டு கடும் வரட்சியின்போது அவர் வேண்டுதலால் மழை பொழிந்தது என்று திருச்சபை மரபு கூறுகிறது. அவருக்குச் சுதந்திரமாக நடமாடும் அனுமதியும் கிடைத்தது. கிறிஸ்தவரான ஒல்லாந்தர் தேடித் துரத்திய குருவுக்குப் பௌத்த மன்னன் ஒருவன் பாதுகாப்பளித்தான் என்பது சிந்திக்கத்தக்கது. அதே மன்னன் பௌத்த சங்கத்தைச் சீர்ப்படுத்த அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் வசதி படைத்தோரும் நகரைவிட்டு நீங்கினர். நோயாளரை உறவினரே கைவிட்டனர். அடிகளாரும் அவருடைய மருமகன் யோசேப் கர்வாலியோ அடிகளாரும் கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்று உணவளித்தனர்; புண்களைக் கழுவினர்; இறந்தோரை அடக்கம் செய்தனர். எவரிடமும் மதம் கேட்கவில்லை. அம்மைக்கு மருந்தோ தடுப்பூசியோ இல்லாத காலம் அது என்பதை எண்ணிப்பார்த்தாற்றான் அப்பணியின் பெறுமதி புரியும். கொரோனாக் காலத்தைக் கண்ட நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று.

கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரிடம் மொழி கற்று நூல் எழுதும் பொறுப்பை யோசேவாஸ் ஒப்படைத்தார். கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். மக்களின் மொழியிலேயே மறைக்கல்வி அமையவேண்டும் என்ற எண்ணம் இவ்விதம் செயலாயிற்று. தமக்கு உயர்பதவி அளிக்க உரோமைத் தூதர் முன்வந்தபோது அடிகளார் அதனை ஏற்கவில்லை.

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்நாளே அவரது திருவிழா. 1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தினர். இவ்விரு ஆண்டுகளையும் மாணவர் பலர் மாற்றி எழுதிவிடுகின்றனர். கண்டியில் அவர் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் பிற்காலத்தில் அழிந்துபோனது; கல்லறை இருந்த இடம் இன்று திட்டமாக அறியப்படவில்லை.