கோழிக்கொட்டகையில் ஒரு சாளரம்

1863-இல் மகள் பரிசளித்த கேமராவைக் கையில் வாங்கியபோது ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு வயது 48. கொல்கத்தாவில் பிறந்த அவர், இங்கிலாந்தின் வைட் தீவில் தம் வீட்டின் கண்ணாடி பதித்த கோழிக்கொட்டகையையே ஒளிப்படக்கூடமாக்கிக் கொண்டார். நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

அக்கால ஒளிப்பட நிலையங்களில் பெரும்பாலும் வெளிச்சம் முகமெங்கும் சமமாகப் பரவும்; நிழலுக்கு இடமிராது. கேமரூனோ திரைகளை இழுத்து மூடி, ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியை மட்டுமே உள்ளே விட்டார். வெளிச்சம் குறையக் குறைய, எதிரே அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க நேர்ந்தது. 1867-இல் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷலைக் கருந்துணி போர்த்தி அமரவைத்தார். அப்படத்தில் உடல் இருளில் கரைந்துவிட, வெண்முடி சூழ்ந்த முதிய முகம் மட்டுமே நம்முன் எழுகிறது.

படங்களில் துலக்கமில்லை என்று ஒளிப்படத் துறையினர் எள்ளினர். அவர் மாறவில்லை, பதிப்புரிமை பதிந்து படங்களை விற்கவும் செய்தார். செல்வச் சீமாட்டியின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குவோர், குடும்ப வருவாய் இலங்கைக் காப்பித் தோட்டங்களை நம்பியிருந்ததையும் அது சுருங்கிவந்ததையும் மறந்துவிடுகின்றனர். பொருளியல் பயின்ற என் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

1875-இல் கணவருடன் இலங்கைக்கே குடிபெயர்ந்தார். அங்கு களுத்துறைப் பகுதி மக்களைப் படமெடுத்தார், எஞ்சியவை சிலவே. 1879-இல் மறைந்த அவரது கல்லறை போகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது.